தூண்டிலில் சிக்கிய கடல் மீனை உணவுக்காகப் பக்குவமாக வைத்துக்கொள்வது எப்படி

கடலில் தூண்டில் போடுகிறவர்களிடம், உண்பதற்கென்று ஆசையோடு வைத்துக்கொள்ளும் மீன்கள் எவை என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப வரும்: வஞ்சிரம், கொடுவா, கலவா, சங்கரா, விளைமீன், பாறை, சூரை, கடல் விரால், காலா, கிழங்கான். இவற்றில் எது சிறந்தது என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. ஆனால் நெடுநாள் தூண்டில் பிடித்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. மீனின் இனம் சுவையில் பாதியைத்தான் தீர்மானிக்கிறது. மீதிப் பாதியை, மீன் நீரைவிட்டு வெளியே வந்த முதல் பத்து நிமிடங்களில் அதைப் பிடித்தவர் என்ன செய்தார் என்பதே தீர்மானிக்கிறது. உடனே கொன்று, இரத்தம் வடித்து, ஐஸில் இட்ட சாதாரணப் பாறை, வெயிலில் கிடந்து சூடேறிய வஞ்சிரத்தைவிட நிச்சயமாக மேலானது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

இந்த முடிவைத் தூண்டிலை வீசுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போது யோசிக்கத் தொடங்கினால், விட வேண்டிய மீன் பிழைக்காது, வைத்துக்கொள்ள வேண்டிய மீன் கெட்டுப்போகும். முதலில், அந்தக் கடற்பகுதியில் எந்த இனத்தைப் பிடிக்கலாம், குறைந்த அளவு எவ்வளவு, ஒருவர் எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், தடைக்காலம் உண்டா என்பதை அறிந்துகொண்டுதான் புறப்பட வேண்டும். நீளத்தை அளக்கும் முறைகூட இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் வாலின் நுனிவரை அளப்பார்கள், சில இடங்களில் வாலின் பிளவுவரை அளப்பார்கள். அளவுகோல் ஒட்டிய பலகை ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது எல்லா ஐயங்களையும் நொடியில் தீர்த்துவிடும்.

சட்டம் அனுமதிப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வீட்டில் எத்தனை வேளைக்குத் தேவையோ அத்தனைக்கு மட்டும் எடுத்துக்கொள்வதே என் வழக்கம். கொண்டுபோன ஐஸ் எத்தனை கிலோ மீனைக் குளிர்விக்கும் என்பதுதான் என் மேல் வரம்பு. ஐஸ் இல்லாத மீன் எனக்கு வேண்டாத மீன்.

பெரிய மீன்தான் நல்ல மீன் என்ற எண்ணத்தைக் கொடுவாவும் கலவாவும் பொய்யாக்குகின்றன. கொடுவா ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு பெண்ணாக மாறுகிறது. ஆகவே மிகப் பெரிய கொடுவா ஏறக்குறைய எப்போதும் முட்டையிடும் பெண் மீனாகவே இருக்கும். கலவா இனங்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவை: பெண்ணாகத் தொடங்கி, வயதான பிறகு ஆணாகின்றன. ஒரு பாறைத்திட்டில் உள்ள பெரிய கலவாக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், இனப்பெருக்கத்துக்கு ஆண் மீன்களே அரிதாகிவிடும். இரண்டு இனத்திலும் நடுத்தர அளவு மீன்தான் உண்பதற்குச் சுவையானது என்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. மிகப் பெரிய மீனின் தசை நார் முரடாகி, சமைத்ததும் வறண்டுபோகும்.

மாஹி மாஹி என்று உலகெங்கும் அறியப்படும் பொன்னிற மீன் மறுகோடியில் நிற்கிறது. அது சில மாதங்களிலேயே முட்டையிடும் பருவத்தை அடைந்துவிடும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது அரிது. இவ்வளவு வேகமாக வளர்ந்து பெருகும் மீனை உணவுக்கு எடுத்துக்கொள்வதில் மனத்துக்கு உறுத்தல் குறைவு.

ஆழத்திலிருந்து இழுக்கப்படும் சங்கரா, கலவா போன்றவற்றைப் பற்றி ஒரு சொல். முப்பது, நாற்பது மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும்போது அவற்றின் காற்றுப்பை அழுத்தம் குறைந்து விரிந்து, வயிறு உப்பி, சில நேரங்களில் இரைப்பை வாய்வழியே பிதுங்கிவிடும். அந்த மீனை அப்படியே நீரில் விட்டால் மேலேயே மிதந்து செத்துப்போகும். எடை கட்டிய கொக்கியால் அதை மீண்டும் ஆழத்துக்கு இறக்கி விடுவிக்கும் கருவி கையில் இல்லையென்றால், தேவையான அளவு மீன் கிடைத்தவுடன் ஆழத்தில் தூண்டில் போடுவதை நிறுத்திவிட வேண்டும். சிறியதை விட்டுவிட்டேன் என்று அங்கே ஆறுதல் கொள்ள முடியாது.

உண்ணத் தகாதவை

பேத்தை மீனை எந்த நிலையிலும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் கல்லீரல், முட்டைப்பை, தோல் ஆகியவற்றில் உள்ள டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது; அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வெப்பமண்டலப் பவளத்திட்டுகளில் ஒருவகை நுண்பாசியில் தொடங்கும் சிகுவாடெரா நஞ்சு, பாசியை மேயும் சிறு மீன்களிலிருந்து அவற்றைத் தின்னும் பெரிய மீன்களுக்கு ஏறி, அங்கே சேர்ந்துகொண்டே போகிறது. பாரகுடா எனப்படும் பெரிய சீலா, பெரிய கலவா, கடல் விலாங்கு, சிலவகைச் செந்நிற மீன்கள் ஆகியவற்றில் இது மிகுதியாக இருக்கக்கூடும். 1774-இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் மாலுமிகள் இன்றைய வனுவாட்டுத் தீவுகளின் அருகே பிடித்த செந்நிற மீன்களை உண்டு கடுமையாக நோயுற்றார்கள். அது சிகுவாடெராவாகவே இன்று கருதப்படுகிறது. நஞ்சுள்ள மீனுக்கு வாடையோ நிறமாற்றமோ இருக்காது. சமைப்பதோ உறைய வைப்பதோ அதை முறிக்காது. குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போன்ற உணர்வு இதன் தனி அறிகுறி. அது வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. ஆகவே பவளத்திட்டுப் பகுதியில் பிடித்த பெரிய சீலாவையும் பெரிய கலவாவையும் நான் வைத்துக்கொள்வதில்லை. குடல், ஈரல், தலை ஆகியவற்றில் நஞ்சு இன்னும் செறிவாக இருக்கும் என்பதால், அங்கே கிடைக்கும் சிறிய மீன்களிலும் அவற்றை நீக்கிவிடுகிறேன்.

சுறா, வாள்மீன், மிகப் பெரிய வஞ்சிர இனங்கள் போன்ற நெடுநாள் வாழும் வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவற்றைத் தவிர்ப்பதே முறை.

கையாளும்போது குத்தும் மீன்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடல் கெளுத்தியின் முட்களும் ஓராவின் துடுப்பு முட்களும் நஞ்சுள்ளவை. ஓராவின் இறைச்சி மிக நல்லது. ஆனால் கொக்கியைக் கழற்றும்போது தடித்த துணியோ கையுறையோ வேண்டும். முள் ஏறிவிட்டால், தோலைப் புண்ணாக்காத அளவுக்குச் சூடான, ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில் கையை அரைமணி நேரத்துக்கு மேல் அமிழ்த்தி வைத்தால் வலி பெரிதும் தணியும். பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதல் பத்து நிமிடங்கள்

மீனைப் படகின் தளத்திலோ பாறையின் மேலோ துள்ளவிடுவதுதான் தூண்டில்காரர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. துள்ளத் துள்ளத் தசையில் இருக்கும் ஆற்றல் தீர்ந்து, லாக்டிக் அமிலம் சேர்ந்து, உடல் சூடேறுகிறது. சூரையில் இதை வெளிப்படையாகக் காணலாம். சூரை இனங்கள் தங்கள் உடலைச் சுற்றியுள்ள நீரைவிடச் சூடாக வைத்திருக்கும் தன்மை கொண்டவை; நீண்ட போராட்டத்துக்குப் பிறகு அந்தச் சூடு இன்னும் ஏறிவிடுகிறது. தொடக்கக் காலத்தில் ஒரு நல்ல சூரையைப் பிடித்த மகிழ்ச்சியில் அதைத் தண்ணீர்கூட இல்லாத வாளியில் போட்டுவிட்டு, அடுத்த மீனுக்காகத் தூண்டிலை வீசிக்கொண்டிருந்தேன். வீட்டில் அறுத்தபோது, ஆழ்ந்த சிவப்பாக இருக்க வேண்டிய தசை, நடுமுள்ளை ஒட்டி வெளிறி, வேகவைத்ததுபோல் பொடிந்து, வாயில் புளிப்பும் உலோகச் சுவையுமாக இருந்தது. அந்த மீனுக்கு நான் செய்தது அநியாயம் என்ற எண்ணம் இன்றும் போகவில்லை.

ஆகவே வைத்துக்கொள்ளப் போகும் மீனை உடனே கொல்ல வேண்டும். மீனுக்கும் அதுவே இரக்கம், இறைச்சிக்கும் அதுவே நல்லது. ஈரத்துணியால் மீனின் கண்களை மூடிப் பிடித்தால் பெரும்பாலான மீன்கள் அடங்கிவிடும். கண்ணுக்குப் பின்னால், சற்றே மேலாக மூளை அமைந்திருக்கிறது. கூர்மையான, உறுதியான குத்தூசியை அந்த இடத்தில் உள்நோக்கி அழுத்த வேண்டும். சரியான இடத்தில் பட்டால் வாய் திறந்துகொள்ளும், துடுப்புகள் ஒருமுறை விறைத்து விரியும், உடல் முழுதும் ஒரு நடுக்கம் ஓடும், பிறகு மீன் தளர்ந்துவிடும். இந்த அடையாளங்கள் தெரியவில்லையென்றால் ஊசி இடம் தவறியிருக்கிறது. நுனியை மெல்லத் திருப்பி மூளையைத் தேட வேண்டும். ஜப்பானிய மீனவர்கள் இக்கெஜிமே என்று அழைக்கும் முறையின் முதல் படி இதுதான். அதன் அடுத்த படியாக, நெகிழும் கம்பியை முதுகுத்தண்டின் குழாய் வழியே செலுத்தித் தண்டுவடத்தை அழிப்பார்கள்; அதனால் உடல் விறைப்பது பல மணி நேரம் தள்ளிப்போகும். இரண்டாம் படி பெரிய மீன்களுக்குப் பயன் தரும். கையளவு மீனுக்கு அத்தனை சிரமம் தேவையில்லை.

கொன்றதும் இரத்தத்தை வடிக்க வேண்டும். செவுள் மூடியைத் தூக்கி, செவுள்களுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வை ஊடுருவிக் கத்தியை நுழைத்து, தொண்டையின் அடியில் இதயத்திலிருந்து செவுளுக்குச் செல்லும் இரத்தக் குழாயை அறுத்தால் போதும். சூரைக்கு மட்டும் கூடுதலாக, மார்புத் துடுப்பை உடலோடு ஒட்டி மடக்கி, அதன் அடிப்பகுதிக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் தள்ளி, இரு பக்கமும் ஆழமில்லாத கீறல் ஒன்று இட வேண்டும். தோலுக்குக் கீழே ஓடும் இரத்தக் குழாய் அங்கே அகப்படும். பிறகு தலைகீழாகக் கடல்நீர் நிறைந்த வாளியில் ஐந்து நிமிடம் வைத்தால், முதலில் கருஞ்சிவப்பாகப் பரவும் நீர் மெல்ல மெல்லத் தெளிவடையும். செவுள் வெளிறினால் வேலை முடிந்தது என்று பொருள்.

இரத்தம் வடித்த மீனையும் வடிக்காத மீனையும் அடுத்தடுத்து அறுத்துப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. பாறையின் தசை, இரத்தம் வடிந்திருந்தால், இளஞ்சிவப்பாகக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். வடியாதிருந்தால் பழுப்பேறி, சமைக்கும்போது வீடெங்கும் வாடை வீசும். பாறைக்குக் கவிச்சி அதிகம் என்று பலரும் அதை ஒதுக்குவதற்கு அந்த மீன் காரணமன்று, வடிக்காமல் விட்ட இரத்தம்தான் காரணம். சுறாவுக்கு இது இன்னும் கட்டாயம். அதன் இரத்தத்திலும் தசையிலும் உள்ள யூரியா, மீன் இறந்தபின் அமோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும்.

ஐஸில் வைக்கும் முறை

ஐஸ் கட்டிகளின் மேல் மீனை வைப்பது போதாது. கட்டி படும் இடம் மட்டும் குளிர்ந்து, மற்ற இடங்களில் சூடு தங்கிவிடும். இரண்டு பங்கு நொறுக்கிய ஐஸோடு ஒரு பங்கு தூய கடல்நீரைச் சேர்த்துக் கூழாக்கி, அதில் மீனை முழுதும் அமிழ்த்துவதே சிறந்தது. உப்புநீரின் உறைநிலை குறைவு என்பதால் இந்தக் கூழ் 0 டிகிரிக்கும் சற்றுக் கீழே குளிர்ந்து, மீனின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டுச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. துறைமுகத்துக்குள் இருக்கும் கலங்கிய நீரைச் சேர்க்கக் கூடாது. நீரைக் கடலுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பமான நாளில் மீனின் எடைக்குக் குறையாத எடையில் ஐஸ் கொண்டு செல்வது பாதுகாப்பானது.

மீனின் நடுப்பகுதிவரை குளிர்ந்த பிறகு, சில மணி நேரத்தில், கூழை வடித்துவிட்டு மீனை நீர் சேர்க்காத வெறும் ஐஸுக்கு இடையே அடுக்க வேண்டும். பெட்டியின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து வைத்து, உருகும் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உருகிய நன்னீரில் நெடுநேரம் ஊறும் மீனின் தோல் நிறம் மங்கும், சதை நீர் கோத்துச் சுவையிழக்கும். விறைத்துப்போன மீனை வளைத்துப் பெட்டிக்குள் திணிக்கவும் கூடாது. தசை அடுக்குகள் பிரிந்து, துண்டு போடும்போது இடைவெளி விட்டு உதிரும். விறைப்பதற்கு முன்பே நேராகக் கிடத்திவிட வேண்டும்.

குளிர்விப்பது சுவைக்காக மட்டுமன்று. சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி, மாஹி மாஹி ஆகியவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. உண்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடலெங்கும் அரிப்பும் தடிப்பும் தோன்றும். மீன் ஒவ்வாமை என்று பலரும் இதைத் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமினை எந்தச் சமையலும் அகற்றாது. ஆகவே இந்த மீன்கள் 4 டிகிரிக்கு மேல் ஒருபோதும் இருக்கக் கூடாது. நாக்கில் வைத்ததும் மிளகைக் கடித்ததுபோல் சுருக்கென்று எரிந்தால், அந்தத் துண்டை அங்கேயே துப்பிவிட வேண்டும்.

குடல் நீக்குதலும் அறுத்தலும்

சிறு மீன்களையும் பாசி மேயும் மீன்களையும் விரைவில் குடல் நீக்க வேண்டும். ஓராவின் குடல் நிறையக் கடற்பாசி இருக்கும். இரண்டு மணி நேரம் தாமதித்தால் அந்த வாடை வயிற்றுச் சுவர் வழியே சதையில் இறங்கிவிடும். மடவையும் அப்படித்தான். குடலைக் கிழிக்காமல் எடுக்க, கத்தியின் நுனியை மட்டும் ஆசனத்துளையில் நுழைத்து, கூர்ப்பக்கம் வெளிநோக்கி இருக்கும்படி தாடையை நோக்கி அறுக்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டி உறைந்த இரத்தம்போல் தெரியும் சிறுநீரகத்தை நகத்தாலோ கரண்டி முனையாலோ சுரண்டி எடுத்துவிட வேண்டும். பலர் மறந்துவிடும் இந்தக் கருஞ்சிவப்புக் கோடுதான் முதலில் கெடுகிறது. வயிற்றுக்குள் படிந்திருக்கும் கறுப்புச் சவ்வும் கசப்பைத் தரும். அதையும் தேய்த்தெடுக்க வேண்டும்.

பெரிய மீனை அவசரப்பட்டு அன்றே அறுக்க வேண்டியதில்லை. விறைத்திருக்கும் மீனை அறுத்தால் துண்டுகள் சுருங்கிவிடும். குடல் நீக்கி, வயிற்றுக்குள் ஐஸ் நிரப்பி, ஒன்றிரண்டு நாள் ஐஸில் வைத்திருந்த கலவாவும் கடல் விராலும், பிடித்த அன்று உண்பதைவிட மென்மையாகவும் சுவை செறிந்தும் இருக்கும் என்பதை நானே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். கிழங்கான், கானாங்கெளுத்தி போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவை அன்றன்றைக்கே உண்ணத் தக்கவை.

முள் நீக்கிய துண்டு வேண்டுமென்றால், செவுள் மூடிக்குப் பின்னால் நடுமுள் வரை ஒரு வெட்டு இட்டு, பிறகு முதுகுத் துடுப்பை ஒட்டி, கத்தி நடுமுள்ளில் உரசும் ஓசை காதில் விழும்படி, நீண்ட இழுப்புகளாக வால்வரை அறுத்துச் செல்ல வேண்டும். ரம்பத்தைப்போல் முன்னும் பின்னும் அசைத்தால் சதை கந்தலாகிவிடும். பாறையிலும் சூரையிலும் துண்டின் நடுவே ஓடும் கருஞ்சதையை வெட்டி நீக்கினால் கவிச்சி பெரிதும் குறையும். சங்கரா, விளைமீன், கொடுவா ஆகியவற்றின் தோல் மொறுமொறுப்பாகப் பொரியும் என்பதால், அவற்றின் செதிலை மட்டும் நீக்கித் தோலை விட்டுவிடலாம். அறுத்த துண்டுகளைக் குழாய் நீரில் ஊறவைக்கக் கூடாது. குளிர்ந்த உப்புநீரில் ஒருமுறை அலசி, உடனே துணியால் ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும்.

கொழுப்பு மிகுந்த வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி ஆகியவை நெருப்பில் சுடுவதற்கும் கல்லில் வறுப்பதற்கும் ஏற்றவை. கலவாவின் தடித்த சதை குழம்பில் உடையாமல் நிற்கும். கொழுப்புக் குறைந்த கொடுவாவையும் கிழங்கானையும் ஆவியில் வேகவைத்தாலே அவற்றின் மெல்லிய இனிப்பு தெரியும். சூரையை அதிகம் வேகவிட்டால் மரத்தூள் போலாகிவிடும்.

உறைய வைத்தல்

உடனே உண்ண முடியாததைக் காற்று புகாத உறையில் இட்டு, ஒரே அடுக்காகப் பரப்பி, -18 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். காற்றை உறிஞ்சும் கருவி இல்லையென்றால், துண்டுகள் மூழ்கும் அளவு குளிர்ந்த நீரில் உறையைத் திறந்தபடி இறக்கினால், நீரின் அழுத்தமே காற்றை வெளியேற்றிவிடும். வாய்ப்பகுதி மட்டும் நீருக்கு மேலே இருக்கும்போது மூடிவிடலாம். உறையின் மேல் இனத்தின் பெயரையும் நாளையும் எழுதுவது அவசியம். கொழுப்பு மிகுந்த மீன்கள் இரண்டு மூன்று மாதம்வரையும், கொழுப்புக் குறைந்தவை ஆறு மாதம்வரையும் சுவை குன்றாமல் இருக்கும்.

பச்சையாக உண்ண நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பல கடல் மீன்களின் தசையிலும் குடலிலும் அனிசாக்கிஸ் என்ற புழு இருக்கக்கூடும். -20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்தால் அது இறந்துவிடும். ஆனால் வீட்டுக் குளிர்பெட்டிகள் பலவும் அவ்வளவு குளிர்வதில்லை என்பதால், உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும். சமைத்து உண்பதாக இருந்தால், துண்டின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டினால் போதும். சதை ஒளி ஊடுருவாமல் வெண்மையாகி, முள்கரண்டி பட்டதும் அடுக்கடுக்காகப் பிரியும் நிலை அது. உறைந்த மீனை இளக்கும்போது, முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, உறையில் சிறு துளை இட்டு, கசியும் நீர் மீனைத் தொடாதபடி ஒரு சல்லடையின் மேல் வைத்துவிட வேண்டும்.